எழுநூறு சிறுமொழிகள்
(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டிக் கெடாரில் ஆற்றிய உரை)

 

பகவானின் சமவசரணத்தைப் பற்றி நம் முன்னோர் நமக்குச் சொல்லிவைத்த செய்தியிலிருந்து இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். அங்கே எழுந்த திவ்வியத்தொனியை அவரவரும் தத்தம் மொழியிலேயே கேட்டு உணர்ந்தனர் என்பது மரபு. அத்தொனியில் பதினெட்டுப் பெருமொழிகளும் எழுநூறு சிறுமொழிகளும் அடங்கியிருந்தன என்று ஆகமங்கள் கூறும். பெருமொழிகளை எண்ணியவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை, சிறுமொழிகளையும் எண்ணினார்கள். சிறுமொழி பேசுவோன் பெருமொழியைக் கற்றுக்கொண்டு வரட்டும் என்று அவையின் வாயிலில் எவரும் தடுக்கவில்லை. இந்தக் கருத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அதன் பொருளை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

நம் நாட்டின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று கூறியவற்றுள் 1652 பெயர்கள் பதிவாயின. 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் தனித்தனியே பெயர் சுட்டப்படாமல் 'பிற' என்னும் ஒரே தலைப்பின்கீழ் ஒடுக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் பெயரோடு நிற்பவை 121 மொழிகளே. அவற்றுள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை 22. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அவை 14 ஆக இருந்தன. நம் நீலகிரியில் தோடரும் கோத்தரும் பேசும் மொழிகள் தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1930களில் எமனோ என்னும் அறிஞர் கடல் கடந்து வந்து, அம்மலையில் தங்கி, அவற்றைப் பதிவு செய்தார். திராவிட மொழிநூலுக்கு அவை தந்த சான்றுகள் விலைமதிப்பற்றவை. எனினும் பேசுவோர் தொகை குறைவு என்பதால் அம்மொழிகள் இன்று அரசின் பட்டியலில் 'பிற' என்பதற்குள் மறைந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தேன். இனிச் சொல்லப்போவது என் வாழ்வில் நிகழ்ந்தது.

1990களின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். ஊர்ப்புறத்தே பாசிமணி கோத்தும் ஊசி விற்றும் பிழைத்த நரிக்குறவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். அந்தக் குடியிருப்பிலிருந்து அவ்வளவு தூரம் படிக்க வந்தவன் அவன் ஒருவனே. ஒருநாள் பாடத்தின் நடுவே நான் ஒரு கேள்வி கேட்டேன். விடை அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பதற்றத்தில் அவன் வாயிலிருந்து வந்தது வீட்டில் பேசும் வாக்ரிபோலிச் சொல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "இது வகுப்பறை, இங்கே மனிதர் பேசும் மொழியில் பேசு" என்றும் சொல்லிவிட்டேன். அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சில வாரங்கள் அவன் பெயருக்கு நேரே வராமைக் குறி இட்டேன். பின்னர் அப்பெயரை அடித்தேன். தேடிச் சென்று அழைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, பிராகிருதம் பற்றிய நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பொன்னூர் மலையில் நாம் பாதம் பணிந்து வணங்கும் குந்தகுந்த ஆசாரியர் தம் நூல்களை இயற்றியது சௌரசேனிப் பிராகிருதத்தில் என்பதை நீங்கள் அறிவீர்கள். வடமேற்கு இந்திய மொழிகள் பல அப்பிராகிருதக் கிளையின் வழிவந்தவை என்று மொழியியலார் கூறுவர். அவ்வரிசையில் குசராத்திக்கு நெருங்கிய உறவாகச் சொல்லப்பட்டிருந்த மொழி, நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி. நான் நூலை மூடிவைத்தேன். காலையில் நான் கைகூப்பி ஓதும் மந்திரத்தின் மொழி எதுவோ, அதன் வழிவந்த தூரத்து உறவுமொழியைத்தான் அச்சிறுவன் பேசியிருக்கிறான். மந்திரமாக வந்தபோது வணங்கினேன். ஓர் ஏழைச் சிறுவனின் வாய்ச்சொல்லாக வந்தபோது சிரித்தேன்.

2024 அக்டோபரில் நடுவண் அரசு பிராகிருதத்தைச் செம்மொழியாக அறிவித்தபோது நம் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்கியது. அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் ஓர் எண்ணம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தாலாட்டுப் பாடும் தாய் ஒருத்திகூட இல்லாத மொழிக்கு நாம் மகுடம் சூட்டுகிறோம். இன்றும் தாய்மார் தாலாட்டும் மொழிகளைப் பள்ளி வாயிலிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்கிறோம்.

பெரியோர்களே, பிறர் எவரையும்விட நாம் இதை உணரக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில், சிறுதொகையினரின் சொல்லுக்கு ஒருவர் செவிகொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு நம் சமூகமே சான்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, பெரும்புலவரிடம் பாடம் கேட்ட அவருக்கே அதன் சமயச் சொற்கள் விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடிச் சென்றார். நம் வட்டாரத்து வீடூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய அப்பாசாமி நயினார் முதலியோரிடம் அமர்ந்து கேட்டார். நம் பெண்டிரும் ஆடவரும் வீட்டிலும் ஆலயத்திலும் வழங்கிவந்த சொற்களில் அக்காப்பியத்தின் பொருள் உயிரோடு இருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயர் எள்ளாமல் கேட்டார். தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் மீண்டது. நான் கேளாமல் சிரித்தேன். ஒரு குழந்தை கல்வியை இழந்தது.

2014இல் நாடளாவிய சிறுபான்மைச் சமூகமாக நாம் அறிவிக்கப்பட்டோம். சமயத்தால் நாம் சிறுபான்மையினர். மொழியாலோ இம்மாநிலத்தின் பெரும்பான்மையினர். சிறியோராய் இருப்பதன் வருத்தத்தையும் பெரியோராய் இருப்பதன் பொறுப்பையும் ஒருங்கே அறிந்தவர்கள் நம்மைப்போல் எத்தனை பேர்?

சட்டம் இவர்களை மறக்கவில்லை. தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பிரிவினரும் அதைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது அரசியலமைப்பின் 29ஆம் உறுப்பு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்பது 1956இல் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வரைவும் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் வகுப்பறையில் எழும் சிரிப்பைச் சட்டம் வந்து நிறுத்தாது. அதை ஆசிரியர்தான் நிறுத்த வேண்டும்.

இருவேறு முடிவுகளை நாடு கண்டிருக்கிறது. அந்தமானில் 'போ' என்னும் மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். தம் இறுதி ஆண்டுகளில் அம்மொழியில் உரையாட அவருக்கு ஒருவரும் இல்லை. மற்றொன்று சந்தாலி. ஒடிசாவின் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு தம் மக்களின் மொழிக்கென 1925இல் 'ஒல் சிகி' எழுத்தை உருவாக்கினார். 2003இல் அம்மொழி எட்டாம் அட்டவணையில் ஏறியது. இடைப்பட்ட 78 ஆண்டுகளும் அம்மொழியைக் காத்தவர்கள், அதை வீட்டில் பேச வெட்கப்படாத தாய்மார்களே. நம்மிடையே மதுரையிலும் பரமக்குடியிலும் சௌராட்டிர மக்கள் வெளியே தமிழும் வீட்டில் தம் மொழியும் பேசி இரண்டையும் காத்து வருகிறார்கள். அதனால் தமிழுக்கு என்ன குறை வந்தது?

தமிழாசிரியனாகிய நான் தமிழைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா. அந்தச் சிறுவன் தமிழையும் நன்கு கற்றிருக்க வேண்டும் என்பதே என் ஏக்கம். அவன் தாய்மொழியைப் பழித்ததால் தமிழுக்கு ஒரு மாணவனை இழக்கச் செய்தேன். ஒரு பொருளைப் பல கோணங்களில் காண வேண்டும் என்பது அநேகாந்தம். ஒவ்வொரு மொழியும் உலகைக் காணும் ஒரு கோணம் அன்றோ? உடலுக்குத் தீங்கு செய்யாமை மட்டுமா அகிம்சை? ஒரு குழந்தையின் நாவை நாணச் செய்ததும் இம்சையே. அந்த இம்சையைச் செய்தவன் உங்கள் முன் நிற்கிறான்.

ஆகவே அறக்கட்டளையிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தும் ஊர்களில், அருகிலுள்ள நரிக்குறவர், இருளர் குடியிருப்புக் குழந்தைகளுக்கும் இடம் தாருங்கள். அவர்கள் தம் மொழியில் விடை சொன்னால், "இதைத் தமிழில் இப்படிச் சொல்வோம், உன் மொழியில் சொன்னதை எங்களுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடு" என்று கேட்கும் ஆசிரியரை அமர்த்துங்கள். ஊதியமின்றி அப்பணியைச் செய்ய முதலாவதாக என் பெயரைக் கொடுக்கிறேன். இளைஞர்களே, உங்கள் பாட்டிமார் நோன்பிலும் பூசையிலும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். சிந்தாமணிக்குப் பொருள் சொன்ன சொற்கள் அவை.

அந்தச் சிறுவனுக்கு இப்போது நாற்பது வயதைக் கடந்திருக்கும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்போரைக் காணும்போதெல்லாம் முகங்களை உற்றுப் பார்க்கிறேன். இதுவரை அவனைக் காணவில்லை. கண்டால் மன்னிப்புக் கேட்பேன். அன்று அவன் சொன்ன சொல் எது என்றும் கேட்பேன். அது சரியான விடையாகத்தான் இருக்கும்.