பந்தய ட்ரோனின் உள்ளமைப்பு

பறவைக்குச் சிறகும் வாலும் உண்டு. விமானத்திற்கும் அவ்விரண்டும் உண்டு. அதன் எஞ்சின் நின்றுவிட்டாலும் இறக்கைகளின் துணையாற் சிறிது தூரம் சறுக்கிச் சென்று தரையிறங்க முடியும். ஆனால், பந்தயத்திற் பறக்கவிடப்படும் ட்ரோன் என்னும் சிறு பொறிக்கு இறக்கையும் இல்லை, வாலும் இல்லை. நான்கு விசிறிகளே உண்டு. ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நிறையுள்ள இப்பொறி, மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைந்து, நிறுத்திவைக்கப்பட்ட வளைவுகளுக்கூடாகப் புகுந்து செல்ல வல்லது. அது நிலைகுலையாதிருப்பது எதனால்? பொறியைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்ப்போருக்கு விடை கிடைக்கும்.

முதலிற் கழற்ற வேண்டியது மின்கலம். அது இணைந்திருக்கையில் விசிறி திடீரெனச் சுழன்றால் விரலை வெட்டிவிடும். லிதியம் பொலிமர் கலங்கள் நான்கோ ஆறோ இதில் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ற்று, ஆறு கலங்களுக்கு 22.2 வோல்ற்று. கூரிய பொருள் பட்டுத் துளை விழுந்தால் இம்மின்கலம் தீப்பற்றக்கூடும்.

அடுத்தவை விசிறிகள். பெரும்பாலும் ஐந்து அங்குல விட்டமும் மூன்று அலகுகளும் உடையவை. மூலைக்கு மூலை எதிராயுள்ள இரண்டும் ஒரே திசையிற் சுழலும். மற்றை இரண்டும் அதற்கு மாறாகச் சுழலும். விசிறி ஒருபுறம் சுழல, உடல் மறுபுறம் திரும்ப முனைவது இயற்கை. இருவகைச் சுழற்சியும் சமமாக இருக்கும்போது அம்முனைவு நீங்குகிறது. ஒரு சோடியின் வேகத்தைக் கூட்டி மற்றையதைக் குறைத்தால் பொறி பக்கம் திரும்பும். பின்னிரண்டும் விரைவாகச் சுழன்றால் முன்புறம் தாழ்ந்து, பொறி முன்னோக்கிப் பாயும். சுக்கானின் வேலை முழுவதையும் வேக வேறுபாடே செய்கிறது.

விசிறிக்குக் கீழே மோட்டார். அதன் நடுவில் செப்புக்கம்பிச் சுருள்கள் அசையாது நிற்க, காந்தங்கள் பதித்த வெளிமூடி சுழல்கிறது. உராயும் தூரிகைகள் இல்லை. மூன்று கம்பிகள் வழியே மின்னோட்டத்தை முறைமாற்றி அனுப்புவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மூன்றில் எவ்விரண்டையேனும் இடம் மாற்றிப் பற்றாசு வைத்தால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும்.

காபன் நார்த் தகடுகளாலான சட்டத்தைத் திறந்தால் நடுவே ஒரு சிறு மின்சுற்றுப் பலகை இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கும். மோட்டார்களின் அதிர்வு அதனைத் தாக்காதிருப்பதற்கே இந்த ஏற்பாடு. அப்பலகையில் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள ஜைரோஸ்கோப் இருக்கிறது. அதனுள் ஓயாது அதிரும் நுண்ணிய சிலிக்கன் உறுப்புகள், பொறி எத்திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை உணர்த்துகின்றன. வினாடிக்குச் சில ஆயிரம் தடவை அவ்வளவைப் படித்து, சாய்வு பெருகுமுன் நான்கு மோட்டார்களின் வேகத்தையும் திருத்துகிறது அருகிலுள்ள கணிப்பான்.

நேயர்கள் தேடிய விடை இதுவே. பொறியின் சமநிலை அதன் உருவத்தில் இல்லை; ஓயாத திருத்தத்தில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே பிரெகே சகோதரர் நான்கு சுழலிகள் கொண்ட பெரும் பொறியொன்றை மனிதன் ஒருவனுடன் தரையினின்று சிறிது எழும்பச் செய்தனர். அது கவிழாதிருக்க, நான்கு மூலைகளிலும் ஆட்கள் நின்று பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய கைகள் செய்த பணியை இன்று செய்வது அச்சிறு கருவி.

சமநிலையைக் கருவி பேண, வழியைக் காண்பது மனிதனின் பொறுப்பு. முகப்பிலுள்ள கமரா காணும் காட்சி வானொலி அலைகளாற் கடத்தப்பட்டு, ஓட்டுபவர் அணிந்த கண்ணாடிக்குள் தோன்றுகிறது. அப்பொறுப்பும் கைமாறத் தொடங்கிவிட்டது. 2022இல் சூரிச் பல்கலைக்கழகத்தார் அமைத்த, தானே வழிகாணும் ட்ரோன் ஒன்று, வாகைசூடிய ஓட்டுநர் மூவருடன் மோதி, 25 ஓட்டங்களில் 15இல் வென்றது.

கழற்றியவற்றை மீண்டும் பூட்டும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். விசிறிகளுள் ஒன்றை இடம் மாற்றிப் பூட்டினாலும், பலகையைக் கணிப்பான் அறியாதபடி திருப்பி வைத்தாலும், பொறி எழும்பிய கணமே குப்புற விழும். ஜைரோஸ்கோப் பிழையின்றியே உணர்த்தும். கணிப்பானும் பிழையின்றியே கட்டளையிடும். ஆயினும், கட்டளை சென்று சேரும் உறுப்பு மாறியிருப்பதால், சாய்வைத் தடுக்க வேண்டிய திருத்தமே சாய்வைப் பெருக்கிவிடும். ஆதலால், கழற்றும்போதே ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் சுழலும் திசையையும் தாளிற் குறித்துக்கொள்வது நன்று.