வரையாட்டு மந்தையின் நலம்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் பெரும்பாலும் மஞ்சையும் மலைச்சரிவையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். அம்மலைக்கு அருகே வரையாட்டுமொட்டை என்றொரு பாறைமுடி உண்டு. அங்கு வாழும் விலங்கு எதுவென்று அதன் பெயரே சொல்லிவிடும். சங்கப் புலவர்கள் வருடை என்று குறித்ததும் இவ்வரையாட்டையே. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கேரள, தமிழக வனத்துறையினர் ஒரே நாட்களில் இவ்வாடுகளைக் கணக்கெடுத்தனர். கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, ஆக 2,668 என்று தெரிந்தது. இவற்றுள் 841 ஆடுகள் மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருந்தன. ஒரே நாட்களில் எண்ணியது நன்று. மாநில எல்லை ஆட்டுக்குத் தெரியாது. இரு தரப்பினரும் வெவ்வேறு நாட்களில் எண்ணினால் ஒரே மந்தை இருமுறை கணக்கில் ஏறிவிடக் கூடும்.

ஆயினும், தொகையை மட்டும் கொண்டு மந்தையின் நலத்தை நாம் அறிந்துவிட முடியாது. நூறு ஆடுகளில் பெரும்பாலானவை கிழடாக இருப்பின் அம்மந்தை தேய்ந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். ஆகவே பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள் என்பதைத் தனியே குறித்தல் வேண்டும். பெட்டை பொதுவாக ஒரு குட்டியே ஈனும். குட்டிகள் மிகுதியும் சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் பிறக்கும். அதனாலேயே இரவிகுளம் அக்காலத்தையொட்டிப் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. ஈற்றுக் காலத்தில் கண்ட குட்டிகளுள் எத்தனை அடுத்த ஆண்டு வரை பிழைத்தன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இத்துடன், நொண்டும் ஆடு, மூக்கொழுகும் ஆடு, உடலில் கட்டியுள்ள ஆடு, இளகிய கழிச்சல் ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். புழுக்கையைச் சேகரித்துச் சோதித்தால் விலங்கைப் பிடித்துத் துன்புறுத்தாமலேயே குடற்புழுக்களின் நிலையை அறியலாம்.

நோய் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அடிவாரத்து மந்தைகளிலிருந்துதான். 1968இல் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் காட்டெருதுகள் வெக்கை நோயால் மடிந்தன. அது மாடுகளின் நோய். தடுப்பூசியின் பயனாக அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு உறவான ஆட்டுக்கொல்லி நோயோ இன்னும் ஒழியவில்லை. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், தமிழ்நாட்டு அரசூரில். மங்கோலியாவில் 2016ஆம் ஆண்டு வீட்டு ஆடுகளிடையே புகுந்த இந்நோய், சில மாதங்களுக்குள் சைகா என்னும் காட்டு மறிமான்களைத் தாக்கி ஆயிரக்கணக்கில் மாய்த்தது. மலையாடுகளும் தப்பவில்லை.

வரையாட்டுமொட்டையின் ஆடுகள் ஒரு சிறு கூட்டம். பெரிய மந்தைகளிலிருந்து தொலைவில் தனித்திருப்பவை. அத்தகைய கூட்டத்தில் நோய் புகுந்தால், இழப்பை ஈடுசெய்ய அண்டை மலையிலிருந்து ஆடுகள் எளிதில் வந்து சேரா. எனவே, மலையடிவாரத்து வெள்ளாடுகளுக்குப் போடப்படும் தடுப்பூசி கால்நடைத் துறையின் வேலை மட்டுமன்று, வன விலங்குப் பாதுகாப்பின் முதற்படியும் அதுவே என நாம் கருதுகிறோம். இரு துறையினரும் தத்தம் பதிவேடுகளை ஒருவருக்கொருவர் காட்டினாலே போதும்; எந்த ஊர் மந்தைக்கு ஊசி போடவில்லை என்பது விளங்கிவிடும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

மலையேறும் அன்பர்களும் இதில் துணைபுரியலாம். இறந்து கிடக்கும் வரையாட்டைக் கண்டால் தொடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். நாள் கடந்தால் உடல் அழுகிவிடும். பிறகு மருத்துவர் வந்து பார்த்தாலும் சாவின் காரணத்தைக் கண்டறிவது அரிது.