திறப்பு யாரிட்ட இருக்கப் போகுது?



எங்களுக்கென்று ஒரு இடம் வேணும் என்று கனகாலமாகக் கதைச்சுக்கொண்டிருக்கிறம். பறை பழகினால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிக்கிறார். நாடக ஒத்திகைக்குப் பள்ளிக்கூட மண்டபம் எடுத்தால் மணித்தியாலக் கணக்கில வாடகை. இப்ப எங்கட நகரசபை தன்ர பழைய பட்டறையை விக்கப் போகுதாம். அதைத் திருத்திக் கலைக்கூடம் ஆக்குவம் என்ற யோசனை நல்லது, எனக்கும் விருப்பம். வாங்கிறதுக்குக் காசு எங்க என்று கேட்டால் உடன வாற பதில்தான் பிரச்சினை: "கடை வைச்சிருக்கிற அண்ணைமாரிட்டக் கேப்பம்."

அதுக்குப் பதில் சொல்ல முதல், நான் படிக்கிற சூரிச்சில இருக்கிற ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லுறன்.

ஏரிக்கரையில, வொலிஸ்ஹோஃபன் பகுதியில, செங்கல்லால கட்டின பழைய ஆலை ஒன்று இருக்கு. பெயர் ரோட்ட ஃபாப்றிக், அதாவது சிவப்புத் தொழிற்சாலை. 1892இல் பட்டு நெசவுக்காகக் கட்டப்பட்டது. சூரிச்சின் பட்டுத் தொழில் பெரும்பாலும் பெண்களின் உழைப்பில் ஓடிய தொழில். வாள்ப்பல் மாதிரி வரிசையாக எழும்புற கூரை அங்க இருக்கு, போனால் அண்ணாந்து பாருங்கோ. இப்படியான கூரைகளில் கண்ணாடி வடக்குப் பக்கம்தான் வைப்பார்கள். நேர் வெயில் விழாது. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வரும். நூலின் நிறம் பிழைக்காது. முதலாளி அதைத் தறிக்காகத்தான் செய்தார், ஆனால் ஓவியம் கீறுறவர்களுக்கும் அதே வெளிச்சம்தான் வேணும். அங்க இருக்கிற காட்சிக்கூடத்தின் பெயரே அந்தக் கூரையிலிருந்து வந்தது: ஷெட்ஹல்ல.

பட்டு போய், பிறகு தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பனி வந்து, கடைசியில் 1972இல் நகரம் அதை வாங்கியது. காப்பாற்ற இல்லை, இடிச்சு வீதியை அகலமாக்க. 1974இல் சமூக ஜனநாயகக் கட்சி இடிக்கக் கூடாது, பண்பாட்டு மையமாக்க வேண்டும் என்று மக்கள் முன்மொழிவு கொண்டுவந்தது. 1977இல் வாக்காளர்கள் ஓம் என்றார்கள். சட்டப்படி வென்றாச்சு. ஆனால் கதவு திறக்கேல்லை.

1980 மே 30ஆம் தேதி இளைஞர்கள் ஒப்பெரா மாளிகைக்கு முன்னால் கூடினார்கள். அந்த மாளிகையைப் புதுப்பிக்க ஏறத்தாழ 60 மில்லியன் பிராங் கொடுக்க நகரம் ஆயத்தமாக இருந்தது. இவர்களுக்கு ஒத்திகை பார்க்க ஒரு அறை இல்லை. பொலிஸ் வந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, அந்தக் கோடை முழுக்க நகரம் கொதித்தது. அடுத்த கிழமையே வாக்காளர்கள் ஒப்பெராவுக்கான காசுக்கு ஓம் என்று போட்டார்கள், அது வேற கதை. ஆனால் அந்த இலையுதிர் காலத்திலேயே சிவப்புத் தொழிற்சாலை தற்காலிகமாகத் திறக்கப்பட்டது. 1987இல் இன்னொரு வாக்கெடுப்பு அதை நிரந்தரமாக்கியது.

அதே 1980 கோடையில் லிம்மாற் வீதியில் தன்னாட்சி இளைஞர் மையம் ஒன்றும் திறந்தது. அதை 1982இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதுக்குப் பின்னால் தெரு இருந்தது, வாக்கு இருக்கேல்லை. தொழிற்சாலைக்கு இரண்டும் இருந்தது. நான் இதை அப்படித்தான் விளங்கிக்கொள்ளுறன்; மறுக்கிறவர்கள் பிறகு தேத்தண்ணி நேரத்தில பிடியுங்கோ.

இண்டைக்கும் கட்டடம் நகரத்தின் சொத்து. நகரம் வருசாவருசம் மானியம் கொடுக்குது. இசை, நாடகம், கூட்டம், பத்திரிகை எல்லாம் ஒரு சங்கத்தின் கையில. சாப்பாட்டுக்கடை கூட்டாக நடக்குது.

இனி எங்கட அண்ணைமாருக்கு வாறன். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லேல்லை. ஆனால் பழைய கட்டடத்தில் வாங்குற காசு தொடக்கம்தான். கூரை ஒழுகும். மின்வயர் முழுக்க மாத்த வேணும். நெருப்புப் பிடிச்சால் ஓட இரண்டாவது வழி, சக்கர நாற்காலி போற கழிவறை, வெக்கை நிக்காத சுவர். திறப்பு விழாக் கல்லில் பெயர் போடக் கனபேர் வருவினம். மாசி மாதத்து ஹீற்றர் பில்லுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். பில்லைக் கட்டுறதுக்காக மண்டபத்தைச் சாமத்தியவீட்டுக்கு வாடகைக்கு விடுவம், சனி ஞாயிறு எல்லாம் அதுக்கே போயிடும், பறைக்காரர் திரும்பப் பார்க்கிங்கில நிப்பினம்.

அதோட, சாதியைப் பற்றி ஒரு நாடகம் போட வேணும், காசு தந்தவர் "உது இப்ப தேவையோ பிள்ளை" என்று கேக்கிறார் என்று வையுங்கோ. அவருக்கு எதிராக எங்க போய் ஊர்வலம் போறது? அவர் எங்கட ஆரோ ஒராளின்ர மாமா. நகரசபையின் காசிலும் கயிறு இருக்கு, "ஒருங்கிணைவு" என்று படிவத்தில எழுதச் சொல்லுவார்கள். ஆனால் நகரசபையோட வெளியில நிண்டு சண்டை பிடிக்கலாம்.

"அது வெள்ளைக்காரரின்ர வரிக்காசு, எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்று போன கூட்டத்தில ஒராள் சொன்னார். இல்லை. எண்பதுகளில் எங்கட அம்மா அப்பாக்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது பத்திரிகைகள் அவர்களை "லெதர் ஜாக்கெற் தமிழர்" என்று எழுதின. அவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், கந்தோர் கூட்டினார்கள், சம்பளத்தில் வரி கட்டினார்கள். 1987இல் சூரிச்சில் அந்த வாக்கெடுப்பு நடந்தபோது அவர்களுக்கு வாக்கு இல்லை. இண்டைக்கும் சூரிச் நகரவாசிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றதால், நகர வாக்கெடுப்பில் இடமில்லை. வரி மட்டும் போகுது. அந்தக் கட்டடங்களின் கூரையில் எங்கட ஓடும் இருக்கு.

அதனால என்ர முன்மொழிவு: பட்டறையை வாங்க வேண்டாம். விக்காதே என்று கேப்பம். நகரத்தின் சொத்தாகவே இருக்கட்டும், ஒரு வருசம் பரீட்சார்த்தமாகப் பாவிக்கத் தரட்டும். தனியக் கேக்காமல், அதே தெருவில் இடமில்லாமல் நிக்கிற குர்திஷ், எரித்திரியத் தோழர்களையும் சேர்த்துக் கேப்பம். வாக்குரிமை உள்ள எங்கட பிள்ளைகள் முதல் பக்கத்தில கையெழுத்து வைக்கட்டும், இல்லாதவர்கள் இரண்டாம் பக்கத்தில. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே குடுப்பம்.

மனுவின் முதல் வரைவு என்னட்ட இருக்கு. டொச்சில மட்டும்தான். அம்மாமார் வாசிச்சு விளங்கிக் கையெழுத்து வைக்கிற மாதிரித் தமிழாக்க இரண்டு பேர் வேணும். ஆர் வாறீங்கள்?