உயரம் பிந்தலாம், பார்வை முந்தலாம்
(பெற்றோர், நன்கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது ஜாலான் புசார் வட்டாரத்திற்குக் காற்பந்து புதிதன்று. இங்குள்ள விளையாட்டரங்கம் 1929இல் திறக்கப்பட்டு, 2003இல் புதுப்பொலிவு பெற்றது. நம் தமிழ்ப்பிள்ளை வி. சுந்தரமூர்த்தி 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவில் ஆடியதும், பின்னாளில் நம் தேசியக் குழுவிற்குப் பயிற்றுநரானதும் நாம் பெருமையுடன் நினைவுகூரும் செய்திகள்.

"என் மகன் உருவில் சிறியவன், சார். அதனால் குழுவில் சேர்க்கவில்லை" என்று வருந்தும் பெற்றோரை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இவ்வுரை.

ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது ஏறத்தாழ 14 வயதில். பெண்பிள்ளைகள் 12 வயதில். இது சராசரிதான். சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆகவே, ஒரே வகுப்பிலுள்ள 13 வயது மாணவர் இருவருள் ஒருவன் இளைஞனாகவும் மற்றவன் சிறுவனாகவும் தோன்றக்கூடும். அன்றைய மோதலில் பெரியவன் வெல்வான். ஆனால், அது திறமைக்குரிய இறுதித் தீர்ப்பு ஆகாது.

அம்பாளின் கடைக்கண் பார்வையை வேண்டுபவர்கள் நாம். ஆட்டக்காரனுக்கும் கடைக்கண் வேண்டும். இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகைப் பரப்பைக் காண்கின்றன. அதில் மிகத் தெளிவாகத் தெரிவது நடுவிலுள்ள சுமார் 2 பாகைதான். ஓரத்தில் அசைவு புலப்படும், நுணுக்கம் புலப்படாது. எனவேதான் நல்ல ஆட்டக்காரன், பந்து காலுக்கு வருமுன்பே இருபுறமும் தலையைத் திருப்பி, தோழன் எங்கே, எதிராளி எங்கே, வெற்றிடம் எங்கே என்று பார்த்துக்கொள்கிறான்.

சிறுபிள்ளைகள் பந்தையே மொய்ப்பது கண்ணின் குறையன்று. கண்டதைப் பொருள்படுத்தும் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவே. அப்பழக்கம் ஆடி ஆடித்தான் வரும். வலிமையால் மோத இயலாத சிறுவனுக்கு அது இன்னும் இன்றியமையாதது. அவனை 13 வயதில் திருப்பி அனுப்பிவிட்டால், உடல் வளர்ந்து வரும்போது ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் பயிற்சிக்கூடங்கள், 2015ஆம் ஆண்டளவில், வயதை மட்டும் பாராமல் உடல்வளர்ச்சியை அளந்தும் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டன. நாமும் சிந்திக்கலாம். 2007இல் ஹரிஸ் ஹருன் 16 வயதிலேயே நம் தேசியக் குழுவில் ஆடினார். அவ்விரைவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

பெற்றோர்களே, "எத்தனை கோல் அடித்தாய்?" என்பதோடு, "திடலில் என்ன பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். நன்கொடையாளப் பெருமக்களே, கோப்பை வென்றவர்களுக்குப் பரிசளிப்பதுடன், ஓரத்தில் காத்திருக்கும் சிறுவனின் பயிற்சிக்கும் கைகொடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!