கொழும்பின் மாடிக் கட்டடங்களும் கட்டடத் தொழிலின் நிலையும்

வீடு கட்டுவோன் தான் குடியிருப்பதற்காகக் கட்டுகின்றான். வர்த்தகக் கட்டடம் கட்டுவோனோ, பிறர் வந்திருந்து தனக்கு வாடகை தருவார்கள் என்னும் நம்பிக்கையின்மீது கட்டுகின்றான். அந்த நம்பிக்கை நீண்ட நாளைய நம்பிக்கை. காணி வாங்கி, நிலத்தைச் சோதித்து, நகர அதிகாரிகளின் அனுமதி பெற்று, அத்திவாரமிட்டு, மாடிமேல் மாடியாக எழுப்பி, மின்தூக்கியும் மின்சாரமும் பொருத்தி முடிப்பதற்குள் நான்கைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். அதற்கிடையில் வங்கி வட்டி மாறலாம்; ரூபாவின் மதிப்பு மாறலாம்; வரிகள் மாறலாம்; வருவார்கள் என்று எண்ணிய வாடகைக்காரர் வராமலும் போகலாம். இலங்கையில் அண்மைக் காலத்தில் இவை யாவும் ஒருங்கே மாறின.

கொழும்பு கோட்டைப் பகுதியின் தோற்றத்தை மாற்றிய உயர் மாடிகள் 1977ஆம் ஆண்டுத் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் எழுந்தவை. 32 மாடிகளைக் கொண்ட இலங்கை வங்கித் தலைமையகம் 1987இல் திறக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1997 ஒக்டோபர் 12ஆந் திகதி, உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் திறக்கப்பட்டன. மூன்றாம் நாளே அவற்றின் அருகில் குண்டு வெடித்தது. கண்ணாடிகளை மாற்றிவிடலாம், வாடகைக்காரரின் மனத்தில் புகுந்த அச்சத்தை மாற்றுவது எளிதன்று. இரவல் முதல் கொண்டு உயர் மாடி கட்டுவதற்குத் துணிவோர் அதன்பின் நெடுங்காலம் அரியராகவே இருந்தனர்.

2009இல் போர் முடிந்ததும் நிலைமை மறுபுறம் திரும்பிற்று. காலி முகத்திடலை அடுத்த காணிகளை வெளிநாட்டு நிறுவனங்கள் நாடி வந்தன. 2014இல் தொடங்கிய துறைமுக நகர வேலை, இடையில் 2015இல் நிறுத்தப்பட்டு மறு ஆண்டு தொடரப்பட்டு, 2019இல் 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்டுத் தந்தது. 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர் எவரும், ஹோட்டல் கட்டுவோர் பிழையான கணக்குப் போட்டார்கள் என்று கூறமாட்டார்.

ஆனால் கட்டடம் அந்த ஓராண்டில் முடிவதில்லையே! கொழும்பின் கரையோரத்தை அடுத்து 2014 அளவில் வேலை தொடங்கிய பெரிய ஹோட்டல்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று இந்திய நிறுவனமொன்றின் ரத்னதீப. மற்றையது உள்நாட்டு நிறுவனமொன்றின் சினமன் லைஃப். முன்னையது 2024 ஏப்ரலிலும், பின்னையது அதே ஆண்டு ஒக்டோபரிலும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட பத்தாண்டில் 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள், 2020இன் கொவிட் நோய், 2022இன் பொருளாதார வீழ்ச்சி என்னும் மூன்றையும் இவை கடந்து வரவேண்டியிருந்தன. பெருநிறுவனத்துக்குப் பொறுத்திருக்கும் வலிமை உண்டு. இருபது மாடிக்குத் திட்டமிட்டுப் பதினோராம் மாடியில் நிற்கும் சிறு முதலாளிக்கு அது இல்லை. முடியாத கட்டடம் வாடகை தராது. ஆனால் வட்டி கேட்கும். இதுதான் இத்தொழிலின் கொடிய பகுதி.

வட்டியைப் பற்றிக் கூறுகையில் 2022 ஏப்ரலை மறக்க முடியாது. அம்மாதம் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்திற்று. நான்கு நாட்களின் பின் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டிற்று. ஆண்டு முடிவதற்குள் நல்ல வாடிக்கையாளருக்கு வங்கிகள் விதித்த கடன் வட்டியே 25 வீதத்தைத் தாண்டியது.

இச்சுமையை இறுதியில் யார் தாங்கினார் என்பதை அறிவதற்கு ஒப்பந்தகாரரின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். வேலை தொடங்கும்போது ஒப்பந்தப் பெறுமதியில் ஒரு பகுதி, பெரும்பாலும் ஐந்திலொரு பங்கு வரை, முற்பணமாகக் கிடைக்கும். அதற்கும் வங்கிப் பிணை கொடுக்கவேண்டும். பின்னர் மாதந்தோறும் செய்த வேலையை அளந்து பில் சமர்ப்பிப்பார். ஒவ்வொரு பில்லிலிருந்தும் ஒரு தொகை பிடித்துவைக்கப்பட்டு, குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பின்னரே முற்றாக வந்துசேரும். ஆகவே ஒப்பந்தகாரர் எந்நாளும் தம் சொந்தப் பணத்தையோ வங்கிப் பணத்தையோ பிறர் கட்டடத்துக்குள் புதைத்துவைத்திருப்பவரே.

விலையேற்றத்துக்கு ஈடு செய்யும் சூத்திரம் ஒன்று உண்டு. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்களைக் கொண்டு அது கணிக்கப்படும். நிதானமாக ஏறும் விலைக்கு அது நல்ல மருந்து. 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாவுக்கு விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியபோது அம்மருந்து போதவில்லை. சுட்டெண் சந்தைக்குப் பின்னாலேயே நடக்கின்றது. கடைக்காரரோ அன்றைய விலையை அன்றே கேட்கின்றார். தனியார் கட்டடங்கள் பலவற்றில் மாறா விலை ஒப்பந்தமே எழுதப்பட்டிருந்தமையால் அச்சூத்திரத்துக்கும் இடமிருக்கவில்லை.

அரசாங்க வேலை செய்தோருக்கு வேறொரு துன்பம். பில் சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது; பணந்தான் வரவில்லை. ஒரு கோடி ரூபா பில் ஓராண்டு தாமதித்தால், 25 வீத வட்டியில் 25 இலட்சம் ரூபா வங்கிக்குப் போகின்றது. பத்து வீத இலாபம் கருதிக் கேள்விப்பத்திரம் கொடுத்தவர் அந்த இலாபத்தையும் இழந்து, அதற்குமேல் 15 இலட்சமும் இழப்பார். அவர் துணை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கவில்லை. துணை ஒப்பந்தகாரர் மரவேலைக்காரருக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் நிற்பவர் வாரக் கூலிக்கு வந்த மேசனும் அவருடைய உதவியாளுமே. இச்சங்கிலியில் மேலே இருப்பவர் காத்திருப்பதற்கு உரிமை பெற்றவர்போல் நடந்துகொள்வது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். அது வெறும் கணக்குப் பிழையன்று, நீதிப் பிழை.

வெளிநாட்டுச் சரக்கை நம்பியிருப்பதும் தொழிலின் பலவீனமே. மணலும் சல்லியும் நம் மண்ணில் உண்டு. உருக்குக் கம்பிக்கு வேண்டிய மூலப்பொருள், அலுமினியம், கண்ணாடி, மின்தூக்கி என்பவற்றுக்குப் பெரும்பாலும் டொலர் வேண்டும். சீமெந்தின் கதை சற்று வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலை, போரின் காரணமாக 1990இல் நின்றது. புத்தளத்தில் இன்னமும் சுண்ணாம்புக்கல் எரிக்கப்படுகின்றது. எனினும் தேவையின் பெரும்பகுதி, கப்பலில் வந்த சீமெந்தோ, வந்த கிளிங்கரை இங்கே அரைத்ததோ ஆகும். டொலர் இல்லாத நாட்டில் கட்டடம் நிற்பதில் வியப்பில்லை.

2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் கட்டடத் துறை ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சுருங்கிற்று. 2024இல் ஏறக்குறைய அதே அளவு வளர்ந்தது. இதனைக் கேட்டுப் பலர் இழந்ததில் பாதி மீண்டதென மகிழ்வர். கணக்கு அப்படியன்று. நூறு எண்பதாகி, எண்பது அறுபத்து நான்காயிற்று; அறுபத்து நான்கின் ஐந்திலொரு பங்கைச் சேர்த்தால் எழுபத்தேழுக்கும் கீழேதான். அதாவது, இழந்த முப்பத்தாறில் மீண்டது பன்னிரண்டு, பதின்மூன்றுதான்.

எனினும் சில கதவுகள் திறந்தன. 2024 முடிவில் நல்ல வாடிக்கையாளருக்கான வட்டி பத்து வீதத்துக்கும் கீழே வந்தது. அதே ஆண்டு உல்லாசப் பயணிகள் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினர். மறுபுறம், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தமை கட்டடச் செலவில் நேரே ஏறிற்று. ஆகவே புதிதாக ஐம்பது மாடி எழுப்புவதைவிடப் பழைய கட்டடத்தைத் திருத்திப் பயன்படுத்துவதே ஆதாயம் என எண்ணுவோர்க்கு நியாயமான காரணம் உண்டு. கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திருத்தப்பட்டு மக்களை இழுத்தது இதற்குத் தக்க சான்று.

வட்டி இறங்கலாம்; சீமெந்தின் விலையும் ஓரளவு இறங்கிற்று. தொழிலாளர் திரும்பி வரவில்லை. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். மேசன், கம்பி கட்டுவோர், ஒட்டுவேலை செய்வோர், மின்னிணைப்பாளர் எனக் கைத்தொழில் கற்ற பலர் அவர்களுள் இருந்தனர். தூக்குநூல் பிடித்துச் சுவர் பார்க்கும் கண் ஆறு மாத வகுப்பில் வருவதன்று. மூத்த மேசன் ஒருவரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக நின்றே அதனைப் பெறல் வேண்டும். அந்த மூத்த மேசன் இன்று வளைகுடா நாடொன்றில் வேறொருவரின் மாடியைக் கட்டிக்கொண்டிருக்க, இங்கே வேலையைப் பெற்ற ஒப்பந்தகாரர் பழகாத இளைஞரைக் கொண்டு சாரங்கட்டுகின்றார்.