எந்தத் தெருப் பிள்ளை?



2019 ஜனவரியில் பாளையங்கோட்டை அங்கன்வாடி ஒன்றில் ஒரு சிறுமி சேர்ந்தாள். அவளுடைய அம்மா ஷில்பா பிரபாகர் சதீஷ், அப்போது திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர். கர்நாடகத்துக்காரர். எல்லாத் தரப்புப் பிள்ளைகளோடும் மகள் பழகவேண்டும், தமிழும் கற்கவேண்டும் என்றுதான் அங்கே சேர்த்ததாகச் சொன்னார். ‘பால்வாடிக்கா அனுப்புவது?’ என்று வசதியுள்ளவர்கள் தயங்குகிற ஊரில் அது பெரிய செய்தியானது.

அப்படி எல்லாரோடும் பழகுவது நமக்கு எவ்வளவு தேவை என்பதை 2023 ஆகஸ்ட் உணர்த்தியது. அதே மாவட்டத்து நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவரோடு பள்ளியில் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. இவை அவசியமானவை. ஆனால், கயிறு கையில் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே பேதம் மனதில் ஏறிவிடுகிறது.

1975 முதல் நடந்துவரும் அங்கன்வாடித் திட்டம், அந்த இளம் வயதிலேயே பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போடுகிறது. ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. நம் தாமிரபரணிக் கரையில் எத்தனை விதமான வீடுகள்! பாபநாசம் மலையில் காணிக் குடியிருப்புப் பிள்ளையின் பேச்சில் தமிழோடு மலையாளச் சாயலும் இருக்கும். மேலப்பாளையத்துப் பிள்ளை அப்பாவை வாப்பா என்று கூப்பிடும். வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைக்கு இந்திதான் தெரியும். வீட்டுப் பேச்சைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டு, அதை மற்றப் பிள்ளைகளையும் சொல்லவைத்தால் அந்தப் பிள்ளை தலைநிமிரும். பொங்கலைப் போலவே ரம்ஜானும் கிறிஸ்துமஸும் அங்கே எல்லாருக்கும் பண்டிகையாக வேண்டும். சமைக்கிற அம்மா எந்தச் சாதி என்று யாரும் விசாரிக்கக் கூடாது.

பெற்றோரே, மிச்சப் பாடம் நம் வீட்டில் நடக்கிறது. பிள்ளை ஓடிவந்து புது சேக்காளியின் பெயரைச் சொல்லும்போது, ‘அவன் எந்தத் தெரு?’ என்று கேட்கிறோமே, சாதியின் முதல் பாடம் அதுதான். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுவோம். ‘அவனையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா, சேர்ந்து சாப்பிடுங்க’ என்று சொல்லுவோம்.