சிலை இருக்கிறது, அணி இல்லை

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்களுக்கான தடகள அணிகளை மூடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். 'அவன் ஊர்ல ஓட்டப்பந்தயத்தை நிறுத்தினா நமக்கென்னங்க?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் தொடங்கியபோது, பெயரை எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து. கறுப்பின மக்களுடைய போராட்டத்தை நம்முடையதாக நினைக்கிறவர்கள் நாம். அவர்கள் ஏறி வந்த ஏணியை எவன் எப்படிக் கழற்றுகிறான் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டர் ஓட்டத்தில் டாமி ஸ்மித் தங்கம், ஜான் கார்லோஸ் வெண்கலம். பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நிற்கிறார்கள். காலில் ஷூ இல்லை. கறுப்பு மக்களின் வறுமையைச் சொல்வதற்காகக் கழற்றி வைத்துவிட்டார்கள். இதற்காக ஒலிம்பிக்கிலிருந்தே துரத்தப்பட்டார்கள். இருவரும் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே மாநிலக் கல்லூரி மாணவர்கள். ஸ்மித், டெக்சாஸில் வாரத்துக்கு நிலம் உழுத குடும்பத்துப் பிள்ளை. அதே கல்லூரியில் பாடம் நடத்திய ஹாரி எட்வர்ட்ஸ்தான் 1967இல் கறுப்பு வீரர்களைத் திரட்டி, மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கியவர். அப்படியென்றால், அந்த ஓடுதளம் வெறும் விளையாட்டு மைதானமா? அது ஓர் அரசியல் பள்ளிக்கூடம்.

அந்தக் கல்லூரி பிறகு என்ன செய்தது தெரியுமா? 1988இல் ஆண்கள் தடகள அணியை மூடியது. 2005இல் இரண்டு பேருக்கும் 22 அடி உயரத்தில் வளாகத்துக்குள் சிலை வைத்தது. அப்போது அங்கே ஓட அணி இல்லை! 2016இல் அணியைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 2021இல் மறுபடியும் மூடிவிட்டார்கள். சிலை மட்டும் இருக்கிறது. சிலைக்கு உதவித்தொகை தர வேண்டியதில்லை, ஷூ வாங்கித் தர வேண்டியதில்லை. அது எந்தக் கேள்வியும் கேட்காது. தலைவருக்கு மாலை போட்டுவிட்டு மாணவர் விடுதியைத் திரும்பிப் பார்க்காதவர்களை நமக்கும் தெரியும்.

தடகளத்தை ஏன் கைவைக்கிறார்கள்? ஓடுவதற்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். காலும் தரையும் இருந்தால் தொடங்கிவிடலாம். கோல்ஃபுக்குப் புல்வெளி வேண்டும். குதிரையேற்றத்துக்குக் குதிரை வேண்டும். பாய்மரப் படகுக்குப் படகு மட்டும் போதாது, கடலோர மன்றங்களில் அப்பனுக்கு இடம் இருக்க வேண்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளை முன்பணம் இல்லாமல் நுழையக்கூடிய கதவு ஓட்டம். அலபாமாவில் வாரக்குடி வீட்டில் பிறந்த ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1935 மே 25 அன்று, முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து, நான்காவதைச் சமன் செய்தார். அப்போது அவர் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர். விளையாட்டுக்கான உதவித்தொகை அவருக்குக் கிடையாது. வேலை செய்து படித்தார். கறுப்பர் என்பதால் வளாகத்துக்கு வெளியே குடியிருந்தார். அந்தக் கதவு அவ்வளவு குறுகல். இப்போது அதையும் சாத்துகிறார்கள்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரனின் முழங்காலுக்கடியில் கொல்லப்பட்டார். மூன்றே நாளில், மே 28 அன்று, பிரவுன் பல்கலைக்கழகம் 11 அணிகளைத் தரமிறக்கியது. ஆண்கள் தடகளமும் நெடுந்தொலைவு ஓட்டமும் அதில் அடக்கம். அதே அறிவிப்பில் பாய்மரப் படகு அணிக்கு உயர்ந்த தகுதி கொடுத்தார்கள். ஓட்டம் வெளியே, படகு உள்ளே! இந்தப் பணக்கார விளையாட்டுகள் எதற்குப் பயன்படுகின்றன என்பது ஒரு வருடம் முன்பே, 2019இல் வெளிவந்த சேர்க்கை ஊழலில் சந்தி சிரித்தது. படகு, டென்னிஸ், வாட்டர் போலோ வீரர்கள் என்று பொய்யாகக் காட்டி, லஞ்சம் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்திருந்தார்கள் பணக்காரப் பெற்றோர்கள். தகுதி, திறமை என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அணிகளை மூடுபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று பெண்களுக்குச் சம உரிமை, இன்னொன்று காசு இல்லை என்பது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பெண்ணுரிமை. 1972இல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் பாலினப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். பெண்கள் போராடிப் பெற்ற சட்டம். ஆண்கள் அணியை மூடு என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பெண்களுக்கு அணிகளைக் கூட்டியும் சமன் செய்யலாம். ஆனால் கூட்டினால் செலவு. குறைத்தால் மிச்சம். இங்கேதான் ஒரு கணக்குத் தந்திரம் இருக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டம், உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் என்று மூன்று பருவத்திலும் ஓடுகிற ஒரே மாணவனைக் கணக்கில் மூன்று பேராக எழுதுகிறார்கள். ஆகவே ஓர் ஓட்டக்காரனை வெளியேற்றினால் காகிதத்தில் மூன்று ஆண்கள் குறைவார்கள். நூறு பேருக்கு மேல் வைத்திருக்கிற அமெரிக்கக் கால்பந்து அணியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். பெண்ணுரிமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கறுப்பு இளைஞனை அடிக்கிறார்கள். அடித்தவன் ஒளிந்துகொள்கிறான், பழி பெண்கள் தலையில் விழுகிறது.

அடுத்தது காசு. தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடிமை முறையை நியாயப்படுத்திய ஜான் கால்ஹூனின் பண்ணை நிலத்தில், பெரும்பாலும் கறுப்பர்களான கைதிகளின் உழைப்பால் எழுந்தது. முதல் கறுப்பு மாணவர் ஹார்வி காண்ட் 1963இல்தான் உள்ளே வர முடிந்தது. இந்தப் பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் ஆண்கள் தடகளத்தை மூடுவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமாகும் என்றார்கள். அதே பல்கலைக்கழகம் 2019இல் தன் கால்பந்துப் பயிற்சியாளருடன் பத்தாண்டுக்கு 9 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆண்டுக்கு 93 லட்சம்! ஒரு ஆளின் சம்பளத்தில் கால்வாசிகூட ஆகாத தொகைக்காக ஓர் அணியையே மூடுவதற்குப் பெயர் சிக்கனமாம். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் 2020இல் ஆண்கள் தடகளத்தை மூடியது. பிறகு ஆண்களுக்கு ஒரு புதிய அணியைச் சேர்த்தது. என்ன அணி என்று நினைக்கிறீர்கள்? கோல்ஃப்!

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் கறுப்பு இளைஞர்கள் உடலை உடைத்துச் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அவர்களுக்குப் பங்கு வருவது நியாயம். எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தப் பங்கை நிர்வாகம் யார் தட்டிலிருந்து எடுக்கப் பார்க்கிறது? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் அதே மாதம் தடகளத்தில் தாண்டுதல், எறிதல் போட்டிகளை நிறுத்தியது. குறுந்தொலைவு ஓட்டத்தையும் சுருக்கியது. பெண்ணுக்கு எதிராகக் கறுப்பனை நிறுத்தியவர்கள், இப்போது கறுப்பனுக்கு எதிராகவே கறுப்பனை நிறுத்துகிறார்கள். இந்தப் பிரித்தாளும் வித்தை நமக்குப் புதுசா தோழர்களே?

ஆனால் இது தோல்விக் கதை மட்டுமல்ல. பிரவுனில் மாணவர்களும் பழைய மாணவர்களும் எழுந்தார்கள். இனவெறிக்கு எதிராக அறிக்கை விடுகிற பல்கலைக்கழகமே, கறுப்பு மாணவர்கள் அதிகமாக இருக்கிற அணியை ஏன் மூடுகிறாய் என்று கேட்டார்கள். பன்னிரண்டே நாளில், ஜூன் 9 அன்று, நிர்வாகம் பின்வாங்கியது. பிரின்ஸ்டனில் ஓடிய கறுப்பு வீரர் ரஸ்ஸல் டிங்கின்ஸ் இந்தக் கேள்வியைத்தான் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக எடுத்துச் சென்றார்.

கிளெம்சனில் நடந்தது இன்னும் முக்கியம். ஓட்டக்காரர்கள் 'பெண்களால்தான் எங்களுக்கு இந்த நிலை' என்று புலம்பவில்லை. அதே டைட்டில் நைன் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். பெண் வீரர்களும் அதே சட்டத்தின்கீழ் தங்கள் குறைகளை முன்வைத்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வழக்கு வரும் என்று தெரிந்ததும், 2021 ஏப்ரலில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆண்கள் அணி திரும்ப வந்தது. பெண்களுக்கு லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகள் புதிதாகக் கிடைத்தன. முதல்நாள் 'காசே இல்லை' என்றவர்களிடம் காசு எங்கிருந்து வந்தது? இருந்த காசுதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு ஒடுக்கப்பட்ட பிரிவுக்குக் கொடுக்க இன்னொரு ஒடுக்கப்பட்ட பிரிவிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது என்று எந்த நிர்வாகம் சொன்னாலும், உடனே பக்கத்தில் இருப்பவனை முறைக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். யாரைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று அதில் தேடுங்கள். பாதிக்கப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.